தோபியாவின் மீனும் தியெப்போலோவின் தூதனும்: வெனிஸ் விவிலிய ஓவியங்கள் – கேள்வி பதில்

கே: இத்தாலியின் உதினே நகரப் பேராயர் மாளிகைச் சுவரில் ஒரு கிழவியின் முன் தேவதூதன் நிற்கிறானே, யார் அவள்?

ப: சாராள். ஆபிரகாமின் மனைவி. ஆதியாகமம் 18இல், முதுமையில் தனக்கு மகன் பிறப்பான் என்பதைக் கூடாரவாசலில் ஒட்டுக்கேட்டு உள்ளுக்குள் நகைப்பவள். பேச்சு நடப்பது ஆபிரகாமோடுதான். வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெப்போலோ (1696–1770) தூதனை நேரே அவள் முன்னால் இறக்கிவிட்டார், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் படங்களின் அமைப்பில். பொக்கை வாய், சுருங்கிய முகம். உடையோ 16ஆம் நூற்றாண்டு அரசவையுடையது. அதனால் உடையை வைத்துக் காட்சியைக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் வெரோனேசேயைப் பார்த்து இந்த ஓவியர்கள் எல்லாருக்கும் அதே பட்டைத்தான் உடுத்துவார்கள். கையிலும் காலடியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சேணத்தின்மேல் உட்கார்ந்து எழுந்திருக்க மறுப்பவள் ராகேல். தந்தை லாபானிடமிருந்து அவள் திருடிய சுரூபங்கள் அதன் கீழே.

கே: வெட்டிய தலையோடு ஒரு பெண்?

ப: தலை தட்டில் இருந்தால் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்டு வாங்கிய ஏரோதியாளின் மகள். வாள், பை, கூடவே பணிப்பெண் என்றால், எதிரிப் படைத்தலைவன் ஒலோபெர்னின் தலையை வெட்டிய யூதித்து.

கே: என் வேதாகமத்தில் தோபியாவே இல்லையே!

ப: உங்களுடையது புரொட்டஸ்டன்ட் பதிப்பு. கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து நூல் உண்டு. அதில் தோபியாவின் பயணத்தில் கூட வருபவர் இரபேல் தூதர். நாயும் வரும். வழியில் பிடித்த மீனின் பித்தப்பைதான் பார்வையிழந்த அப்பாவின் கண்ணுக்கு மருந்து.

கே: வெனிஸ் ஆஞ்செலோ ரஃபாயேலே ஆலயத்தில் ஆர்கன் மாடத்துத் தோபியா படங்கள் பிரான்செஸ்கோ குவார்தி வரைந்தவைதானே?

ப: அவருடைய அண்ணன் ஜானந்தோனியோ (1699–1760) என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. காலம் 1750ஐ ஒட்டி.

கே: பின்னணி மரமும் வானமும் அப்படியே பிரான்செஸ்கோவின் நகரக் காட்சிகள் போல இருக்கின்றனவே?

ப: அவர் நகரக் காட்சிகளில் முழுமூச்சாக இறங்கியது 1750களின் பிற்பகுதியில். பின்னால் வந்ததைக் காட்டி முன்னால் வந்ததற்குப் பெயர் வைக்கிறீர்கள். தம்பி அந்தக் கைவீச்சைப் பட்டறையில் அண்ணனிடமே கற்றிருக்கலாமே? அங்கே உருவப் படங்களுக்குப் பொறுப்பு அண்ணன். மரத்தை விடுங்கள், விரல்களைப் பாருங்கள்: கோடு போட்டு அடைக்காமல், துள்ளும் தூரிகைத் தீற்றல்களாலேயே ஆனவை.

கே: இருவரும் சேர்ந்து வரைந்திருந்தால்?

ப: ஒரே பட்டறை, மறுக்க முடியாது. ஆனால் எந்த அங்குலம் யாருடையது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. இதை இத்தோடு விடுவோம்.

கே: வெனிஸின் அக்காதேமியா அருங்காட்சியகத்தில் உள்ள ‘வெண்கல சர்ப்பம்’ ஏன் கோடு கோடாக உரிந்திருக்கிறது?

ப: நல்ல கேள்வி. எண்ணாகமம் 21. வெனிஸின் ஜூதேக்கா தீவில் இருந்த கோஸ்மா–தமியானோ ஆலயத்துக்காகத் தியெப்போலோ வரைந்தது. நீளம் 13 மீட்டருக்கு மேல், உயரம் 2 மீட்டர்கூட இல்லை. ஆலயம் மூடப்பட்டபின் பல காலம் சுருட்டியே கிடந்தது. கேன்வாஸ் வளையும், காய்ந்த எண்ணெய்ப் பூச்சு வளையாது. மடிந்த இடமெல்லாம் வெடித்து உதிர்ந்தது. நீளவாக்கில் சுருட்டியதால் கோடுகள் செங்குத்தாக விழுந்தன. சுருட்டியே ஆகவேண்டுமென்றால் அகலமான உருளையில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கம் வைத்தால் பூச்சு நசுங்கும்.

கே: வெனிஸ் சான் போலோ ஆலயத்தின் சிலுவைப்பாதை தியெப்போலோவுடையதா?

ப: எந்தத் தியெப்போலோ? 14 நிலைகளும் மகன் ஜாந்தோமெனிகோ வரைந்தவை, 1747–49. தொடங்கும்போது அவருக்கு வயது இருபது.

கே: எடின்பரோவில் உள்ள, தந்தை தியெப்போலோவின் ‘மோசேயைக் கண்டெடுத்தல்’ வலப்பக்கம் வெட்டுப்பட்டதாமே?

ப: ஆமாம். ஈட்டிக்கோடரி ஏந்திய காவலன் தனிப்படமாகி இப்போது இத்தாலியின் தூரின் நகரில், அஞெல்லி சேகரிப்பில் நிற்கிறான்.

கே: வீட்டில் தியெப்போலோ படம் ஒன்று இருக்கிறது, விலை என்ன வரும்?

ப: ஏல நிறுவனத்தைக் கேளுங்கள்.