கத்திரி வெயிலில் ஓடியவர்களின் கேள்விகள்

கத்திரி முடிந்து கச்சான் என்னும் மேற்குக் காற்று எழும்பிவிட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் நடந்த ஐந்து சாலைப் போட்டிகளில் எங்கள் ஓட்டக் குழு கலந்துகொண்டது. தொண்டி முதல் ஏர்வாடி வரை உள்ள ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். குளிர்காலத்து நேரம் வரவில்லையே என்ற மனக்குறை பலருக்கும் இருக்கிறது. போன ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாரிடமும் கேள்விகளை வாங்கிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக இந்தச் சாலைகளில் ஓடுகிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

உச்சிப்புளி தம்பி: அண்ணே, ஜனவரியில் 10 கி.மீ. 48 நிமிடத்தில் முடிச்சேன். மே மாதம் 54 ஆயிருச்சு. ஒரு நாள்கூட பயிற்சியை விடலை. எங்கே தப்பு பண்ணினேன்?

தப்பு ஒன்றும் பண்ணவில்லை தம்பி. கணக்கைப் பார். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. நீ 65 கிலோ. 10 கி.மீ.க்கு 650. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் போகிறது, அதாவது சுமார் 500. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். மதுரைக் காற்றில் சட்டை காய்ந்துகொண்டே வரும். நம் கரையில் காற்றே ஈரம், வியர்வை சொட்டிக் கீழே விழுகிறது. தரையில் விழுந்த வியர்வை உன் உடம்பைக் குளிர வைக்காது. அதனால் உடம்பு தோலுக்கு இன்னும் அதிக ரத்தத்தை அனுப்புகிறது, காலுக்கு வர வேண்டிய பங்கு குறைகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. அதே உழைப்புக்கு வேகம் குறைந்துபோகிறது.

உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. 2019-ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கினார்கள். வெயில் இல்லை, புழுக்கம் மட்டும்தான். 68 பேர் கிளம்பி 40 பேர்தான் முடித்தார்கள். வென்ற கென்ய வீராங்கனைக்கு 2 மணி 32 நிமிடம் 43 விநாடி ஆனது. அவரே அதே வருடம் ஜனவரியில் துபாயில் 2:17:08-ல் ஓடியவர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனது அவருக்கு. உனக்கு ஆறு நிமிடம் போனதற்காக நீ முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். அந்த 54 நிமிட ஓட்டத்தில் நீ ஒன்பதாவதாக வந்தாய். ஜனவரியில் 48 நிமிடம் ஓடி முப்பத்தொன்றாவது. எது நல்ல ஓட்டம் என்று நீயே சொல்.

தங்கச்சிமடம் தங்கச்சி: அரிச்சல்முனை ரோட்டில் போகும்போது ரொம்ப சுலபமா இருந்துச்சு அண்ணே. திரும்பும்போது உயிர் போயிருச்சு. ஏன் அப்படி?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். ஒரு மரம் கிடையாது, ஒரு வளைவு கிடையாது, இரண்டு பக்கமும் கடல். காற்று மேற்கிலிருந்து வந்தால் போகும்போது முதுகைச் சாய்வாகத் தள்ளும், திரும்பும்போது கன்னத்தில் அறையும். எதிர்காற்றில் இழப்பதை முதுகுக்காற்றில் முழுதாகத் திரும்பப் பெற முடியாது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காற்றோடு சேர்ந்து ஓடும்போது உடம்பின் மேல் காற்று அவ்வளவாகப் படாது. சுலபமாகத் தெரிகிற அந்தப் பாதியில்தான் உள்ளுக்குள் சூடு ஏறுகிறது. நீ முதல் ஐந்து கிலோமீட்டரில் வேகத்தைப் பிடித்து ஓடியிருந்தால் பின்பாதியில் உனக்குக் கால் இருந்திருக்கும். காற்று எப்படி என்று அறிய வானிலைச் செய்தியே தேவையில்லை. தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை வெள்ளையாக உடைந்து, வடக்கே பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் குளம் மாதிரிக் கிடந்தால் கச்சான்தான். அன்றைக்குத் திரும்பும் வழியில் தனியாக ஓடாதே. நாலைந்து பேர் சேர்ந்து, முன்னால் போகிறவரை மாற்றி மாற்றி ஓடுங்கள். நாரைக்கூட்டம் பறப்பதைப் பார்த்திருப்பாய் அல்லவா, அந்த மாதிரி. சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் மட்டும் கால் பார்த்து வை.

தேவிபட்டினம் அக்கா, வயது 52: பெண்கள் பிரிவில் நாலாவதா வந்தேன் தம்பி. முன்னாடி வந்த மூணு பேரும் காலேஜ் பிள்ளைங்க. என் ஓட்டத்தை எப்படி எடை போடறது?

அக்கா, உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்தே தனிப்பிரிவு உண்டு, ஐந்து ஐந்து வயதாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு அளவு நேரம் வைத்து, நீங்கள் ஓடியதை அதோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் அட்டவணையும் இருக்கிறது. அதன்படி கணக்குப் போட்டேன். நம் குழுவில் இந்தக் கோடையின் முதலிடம் உங்களுடையது. முதலில் வந்த பையனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதோடு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்துப் போட்டிகளில் ஆண்களுக்கு 10 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ., பரிசுத்தொகையும் பாதி என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-ல். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. பெண்ணால் 10 கி.மீ. ஓட முடியாது என்று இன்னும் யார் நினைக்கிறார்கள்? அடுத்த வருடம் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே விழாக் குழுக்களைப் போய்ப் பார்ப்போம். நீங்களும் வர வேண்டும்.

ராமநாதபுரம் நண்பர்: என் வாட்ச் 10.2 கி.மீ. காட்டுது. தூரத்தைக் கூட்டி வச்சுட்டாங்களா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முறைப்படி அளக்கும் சாலையை, சரிபார்த்த சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது 10 கி.மீ.க்கு 10 மீட்டர், கூடவே சேர்ப்பார்கள். நீங்கள் வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடியிருப்பீர்கள், வாட்சும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் பைக் மீட்டரை வைத்து அளக்கிறார்கள். அதனால் ஒரு ஊர் நேரத்தை இன்னொரு ஊர் நேரத்தோடு நான் ஒப்பிடுவதே இல்லை. என் நோட்டில் எத்தனையாவது இடம், எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், என்ன காற்று, இவை நான்கும் முதலில் இருக்கும். நேரம் கடைசிக் கட்டத்தில்.

கீழக்கரைத் தம்பி: காக்கா (அண்ணே), ஓடும்போது பதநீர் குடிக்கலாமா?

ஓடி முடித்த பிறகு தாராளமாக. நடுவில் வேண்டாம். அவ்வளவு இனிப்பு வயிற்றில் தங்கிப் புரட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தாகத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்பு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட நீர்மோரும் நீராகாரமும் அதே வேலையைச் செய்யும். தாகமில்லாமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீரை மட்டும் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரும்.

தொண்டியிலிருந்து ஒரு தகப்பனார்: என் மகனுக்கு 15 வயசு. வெயில்ல ஓடி விழுந்துருவானோன்னு அவன் அம்மா பயப்படுறா. அனுப்பலாமா?

ஐயா, அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் மே மாதத்தில் ஒரு போட்டி. ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியதை, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஏழரைக்குத் தள்ளிவிட்டார்கள். எட்டாவது கிலோமீட்டரில் நம் குழுப் பையன் ஒருவன் குடிகாரன் மாதிரித் தள்ளாடினான். பேர் கேட்டால் வேறு என்னவோ சொன்னான். சுற்றி நின்றவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடா ஊற்றப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பக்கத்தில் மீன் இறக்குகிற இடம் இருந்ததுதான் அவன் அதிர்ஷ்டம். மீன் பெட்டியிலிருந்து உடைத்த ஐஸை அள்ளி, ஒரு தார்ப்பாயில் அவனைக் கிடத்தி, நாலு பேர் நாலு முனையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரையும் ஐஸையும் கழுத்து வரைக்கும் கொட்டினோம். கால் மணி நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்து "அண்ணே, குளுருது" என்றான். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் கண் கலங்கும்.

வெயிலில் ஓடுகிறவர் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுகிறவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு உடனே குளிர வையுங்கள். முதலில் குளிர்ச்சி, பிறகுதான் பயணம். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் இரண்டு ஐஸ் பெட்டியும் ஒரு தார்ப்பாயும் இல்லாமல் நாங்கள் எந்தப் போட்டிக்கும் போவதில்லை.

மகனை அனுப்புங்கள். 5 கி.மீ. மட்டும், விடிவதற்குள் கிளம்பும் போட்டிக்கு மட்டும். ஆறரை தாண்டியும் தொடங்கவில்லை என்றால் நானே அவன் நம்பர் துணியைக் கழற்றிவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

சென்னையில் வேலை பார்க்கும் பெரியபட்டினம்காரர்: ஏ.சி.யிலேயே இருக்கேன். ஊருக்கு வந்து ஓடினா கொஞ்ச தூரத்துக்கே முடியலை.

பத்து முதல் பதினான்கு நாள் தினமும் வெயிலில் மெதுவாக ஓடினால் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழக்கம் போய்விடும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை போட்டியில் ஓடாதீர்கள்.

மண்டபம் தங்கச்சி: இந்தக் கோடையில் நம்ம குழுவோட சிறந்த ஓட்டம் எது அண்ணே?

கோப்பை வாங்கியவர்களுக்கு வாழ்த்துச் சொல்லியாயிற்று. என் மனதில் நிற்பது மூன்றாவது போட்டி. பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர், ராத்திரி வலைக்குப் போய்விட்டு நேராகக் கரைக்கு வந்து ஓடினார். முதல் கிலோமீட்டரில் கடைசியிலிருந்து மூன்றாவது. நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். "நீவாட்டுல, அதான் கடல் நீரோட்டத்துல, போறவன் முதல்லயே துடுப்பை வேகமாப் போட மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்தாவது கிலோமீட்டரில் முன்னால் போனவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். இவர் ஒரே சீராக அறுபது பேரையாவது தாண்டியிருப்பார். பதினொன்றாவதாக வந்தார். பத்து பேருக்குத்தான் பரிசு. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வலை பிரிக்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்.