அடைப்பு எங்கே தொடங்குகிறது? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

ரத்தக்குழாய் நோய்கள் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் தம்பிக்கு வயது 47. ஆஞ்சியோவில் ஓர் இடத்தில் மட்டும் 70 சதவீத அடைப்பு, மற்ற இடமெல்லாம் சுத்தம் என்கிறார்கள். கொழுப்புதான் காரணம் என்றால், உடம்பெல்லாம் ஓடுவது ஒரே ரத்தம்தானே? ஓரிடத்தில் மட்டும் ஏன் சேர வேண்டும்? குழாயைக் கழுவிவிடும் சிகிச்சை என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். அது பலன் தருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

ரத்தம் ஒன்றுதான். இடத்துக்கு இடம் மாறுவது குழாயின் உட்சுவர். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிகிற மாதிரி ரத்தக்குழாயில் கொழுப்பு படிகிறது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அந்தப் படத்தை மனத்திலிருந்து அழித்தால்தான் இந்த நோய் பிடிபடும்.

உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்திலும் ஒரே ஒரு வரிசைச் செல்கள், தளக்கல் பாவியது போல ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். இங்கே உட்சுவர்ச் செல்கள் என்றே சொல்வோம். வெறும் உறை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1980-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவே இல்லை. தளராதவற்றில், வெட்டித் தயாரிக்கும்போது உட்பக்கம் உரசுப்பட்டு அந்த ஒற்றை வரிசை உதிர்ந்துபோயிருந்தது. குழாய்ச் சுவரின் தசையைத் தளரச் சொல்வதே அந்த மெல்லிய படலம்தான் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அது அனுப்பும் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. இதற்காக 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குழாயை விரிப்பதோடு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போக வைப்பதும், எது சுவருக்குள் நுழையலாம் என்று வாசலில் நின்று பார்ப்பதும் இந்தச் செல்களின் வேலை.

இனி உங்கள் கேள்வி. தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் நின்று பாருங்கள். நேராக ஓடும் இடத்தில், தண்ணீருக்குள் கிடக்கும் புல் ஓட்டத்தின் திசையிலேயே சீராகச் சாய்ந்திருக்கும். மடை பிரிகிற இடத்தில் தண்ணீர் சுழலும், தயங்கும், முன்னும் பின்னும் அலையும். அங்கே புல்லும் திசைக்கொன்றாகக் கிடக்கும். உட்சுவர்ச் செல்களும் இப்படித்தான். ரத்தம் சுவரை உரசிக்கொண்டு ஓடும் இழுவையை அவை உணர்கின்றன. நேரான பகுதியில் நீண்டு, வரிசையாகப் படுத்து, நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரக்கின்றன. கிளை பிரியும் இடங்களிலும் வளைவின் உட்பக்கத்திலும் அந்த இழுவை குறைவு, திசையும் நிலையாக இராது. செல்கள் ஒழுங்கு குலைந்து, சுரப்பைக் குறைத்து, இடுக்கு விட்டுவிடுகின்றன. இதயத்தின் இடது குழாய் கிளைவிடும் இடம், கழுத்துத் தமனி இரண்டாகும் இடம், வயிற்றுப் பெருந்தமனி இரு கால்களுக்கும் பிரியும் இடம் ஆகியவை அடைப்புக்குப் பேர்போனவை என்பதற்கு இதுவே காரணம்.

அப்படிப்பட்ட இடத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு உட்சுவரைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்டு ஆக்சிகரணம் அடைகிறது. எரிச்சலுற்ற செல்கள் தம் மேற்பரப்பில் பசை போன்ற புரதங்களை நீட்டுகின்றன. வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, உள்ளே நுழைந்து, கொழுப்பைத் தின்று உப்பி அங்கேயே மடிகின்றன. ஆகவே 'அடைப்பு' குழாயின் மேற்பரப்பில் படிந்ததல்ல, சுவருக்குள்ளே புரையோடிய புண். கழுவ அங்கே எதுவும் இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

மாரடைப்பு வருவது அந்தப் புண்ணின் மூடி கிழியும்போது, அல்லது மேலிருக்கும் உட்சுவர்ச் செல்கள் உதிர்ந்து அந்த இடத்தில் ரத்தம் உறையும்போது. 70 சதவீத இடத்தை மட்டும் குறிவைத்தால் போதாது என்பது அதனால்தான். 30, 40 சதவீதப் புண்ணும் கிழியும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை வேலை செய்வது எல்லாப் புண்களிலும். தம்பியின் எல்.டி.எல். அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வர வேண்டும். 55-க்குக் கீழே என்று இலக்கு வைக்கும் வழிகாட்டல்களும் உண்டு. அவருக்கு 55 வயதுக்குள் வந்துவிட்டதால், உடன்பிறந்த நீங்களும் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

எங்க வீட்டுக்காரர் நாளைக்கு 15 பீடி குடிக்கிறார். இலைதானே, சிகரெட்டுக்கு இது தேவலை என்கிறார். இப்போது ஐந்தாகக் குறைத்திருக்கிறார். போதுமா? நான் பீடி சுற்றுகிறேன், எனக்கும் கெடுதல் உண்டா?
– பீடித் தொழிலாளி, முக்கூடல்

பீடி தேவலை என்பது தவறு. இலைச் சுருள் எளிதில் அணையும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவாக உள்ளே போவதில்லை. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் நைட்ரிக் ஆக்சைடை அது பிறந்த இடத்திலேயே தீர்த்துவிடுகின்றன. உட்சுவர் பசையேறி, செல்கள் உதிரத் தொடங்குகின்றன.

ஐந்தாகக் குறைத்தது நல்ல தொடக்கம், ஆனால் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகிவிடாது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்குக்கூட, 20 குடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. உட்சுவருக்குச் சிறிய அளவே போதுமானது. முழுக்க நிறுத்தினால் பலன் சீக்கிரமே தெரியும். ஓராண்டில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகும். 1800112356 என்ற இலவச எண்ணில் நிறுத்துவதற்கு உதவி கிடைக்கும்.

உங்களுக்கு: புகையிலைத் தூளிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். காற்றோட்டமான திண்ணையில் உட்காருங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தட்டையும் தூளையும் அடுப்படியிலோ பிள்ளைகள் படுக்கும் இடத்திலோ வைக்க வேண்டாம். அவர் வீட்டுக்குள் குடிக்கும் பீடியின் புகை உங்கள் உட்சுவரையும் தொடும்.

அத்தானுக்கு மாரடைப்பு வந்து, மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது, ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.
– வாசகி, வள்ளியூர்

நிறுத்தவே கூடாது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பலூனை ஊதி, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழலை அடைப்பில் விரிக்கும்போது, அந்த இடத்து உட்சுவர்ச் செல்கள் நசுங்கி உரிந்துவிடுகின்றன. உலோகக் கம்பி ரத்தத்தில் நேரடியாகப் படுகிறது. பக்கத்துச் செல்கள் மெல்லப் பரவி வந்து கம்பியைப் போர்த்த வேண்டும். ஸ்டென்ட்டில் தடவியிருக்கும் மருந்து, தழும்பு வளர்ந்து மறுபடி அடைக்காமல் தடுக்கிறது, ஆனால் இந்தப் போர்வை வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. போர்த்தி முடியும்வரை தட்டணுக்களை அடக்கி வைக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும். மாரடைப்புக்குப் பின் பொதுவாக 12 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு இதய மருத்துவரே குறைத்துக் கொடுப்பார். நாலாம் மாதத்தில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் திடீரென ரத்தம் உறையலாம், அது உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பிரின் வேலை செய்யும் விதம் அழகானது. தட்டணுவுக்குக் கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மறுபடி தயாரிக்க முடியாது, 7 முதல் 10 நாள் வரையிலான தன் ஆயுள் முழுக்க முடங்கியே கிடக்கும். உட்சுவர்ச் செல்லுக்குக் கரு உண்டு. சில மணி நேரத்தில் புதிய நொதியைச் செய்துகொண்டு, தட்டணுக்களை விலக்கும் புரோஸ்டாசைக்ளினைச் சுரக்கத் தொடங்கிவிடும். சிறிய அளவு ஆஸ்பிரின் போதும் என்பதன் சூட்சுமம் இதுதான்.

பல் விஷயம்: மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பிடுங்கலாம். பல் மருத்துவரிடம் ஸ்டென்ட் அட்டையைக் காட்டுங்கள். காலை வேளையில் போங்கள், ரத்தம் கசிந்தால் பகலிலேயே பார்த்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பல் போதும். பிடுங்கிய குழியில் தையல் போட்டு, பஞ்சை 30 நிமிடம் இடைவிடாமல் கடித்திருக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அன்று முழுக்கச் சூடான காப்பியும் வாய் கொப்பளிப்பதும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். இபுப்ரூஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், கசிவையும் கூட்டும். அவசரமில்லாத பல் என்றால் சில மாதம் தள்ளிப்போடலாமா என்று இதய மருத்துவரையே கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுக்குது என்று நின்றுவிடுகிறார், நின்றால் சரியாகிறது. வாதம் என்று தைலம் தேய்க்கிறோம். சீனி கிடையாது, கருப்பட்டிக் காப்பிதான்.
– ஜவுளிக்கடை ஊழியர், மேலப்பாளையம்

நடந்தால் வந்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போகிற கெண்டைக்கால் வலி, கால் தமனி சுருங்கியதன் அடையாளமாக இருக்கலாம். தைலத்தைக் கடுமையாகத் தேய்ப்பதையும் சூட்டு ஒத்தடத்தையும் நிறுத்துங்கள்.

தசைச் செல், சர்க்கரையை உள்ளே விட இன்சுலினின் அனுமதியை எதிர்பார்க்கிறது. உட்சுவர்ச் செல்லின் கதவோ எப்போதும் திறந்தே இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ அவ்வளவும் உள்ளே வந்து அதைத் திணறடிக்கிறது. சர்க்கரை நோயில் கண், சிறுநீரகம், நரம்பு, கால் என்று எல்லாம் கெடுவதில் இந்த வாசலுக்குப் பெரிய பங்கு உண்டு. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான், ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கணுக்கால்–கை அழுத்த விகிதம் என்ற சோதனையைக் கேளுங்கள். ஊசி கிடையாது. பத்து நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு, இரு கைகளிலும், கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டை சுற்றிப் பாதத்தின் இரு தமனிகளிலும் டாப்ளர் என்ற, ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் கருவியால் அழுத்தம் எடுப்பார்கள். காலில் கூடுதலானதைக் கையில் கூடுதலானதால் வகுக்க வேண்டும். கையில் 140, காலில் 98 என்றால் விகிதம் 0.7. விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய். ஒரு சிக்கல்: நெடுநாள் சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறி, பட்டை அமுக்கினாலும் குழாய் அமுங்காது. விகிதம் 1.4-க்கு மேலே போகும், சாதாரண அளவு போலவும் காட்டலாம். சந்தேகம் இருந்தால் கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்தோடு நடையும் சிகிச்சைதான். வலி ஓரளவு கடுமையாகும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, 12 வாரம். வலி வந்ததுமே உட்கார்ந்துவிடுவதால்தான் பலருக்கு இதில் பலன் தெரிவதில்லை. ஓடும் ரத்தத்தின் உரசல்தான் உட்சுவர்ச் செல்லுக்கு உணவு. தொடங்குமுன் இதயத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். வெயிலேறிய கல்தளத்தில் காலை வைத்துக் கொப்புளம் வந்த பிறகுதான், உணர்ச்சி போனதே பலருக்குத் தெரிகிறது. ராத்திரி படுத்தால் பாதம் வலித்து, காலைத் தொங்கவிட்டால் தணிகிறதென்றால், புண் இரண்டு வாரமாக ஆறவில்லையென்றால், விரல் கறுத்தால் உடனே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் போங்கள். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு மரத்தால் மணிக்கணக்குதான் அவகாசம். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும்.

உட்சுவர் எப்படி இருக்கிறது என்று சொல்லும் சோதனை உண்டா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

உண்டு. முன்கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அவிழ்த்ததும் மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். ஆராய்ச்சிக்கு நல்லது, ஆனால் எடுப்பவர் கைக்கேற்ப அளவு மாறும். தனியொருவரின் சிகிச்சையை அதை வைத்து முடிவு செய்வதில்லை.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்குக் கைக்கெட்டும் சோதனை, சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்)–கிரியேட்டினின் (ஒரு கழிவுப்பொருள்) விகிதம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் சிறுநீரக வடிகட்டியில் கசிவு இருக்கிறது. உடம்பின் பிற இடங்களிலும் உட்சுவர் கெட்டிருக்கலாம் என்பதற்கு அது முன்னறிவிப்பு. காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி உள்ள நாளில் வேண்டாம்.

மகளுக்கு எட்டாம் மாதம் பிரஷர் 160/100, சிறுநீரில் புரதமும் போனது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது பிரஷர் சரியாகிவிட்டது. பிள்ளை பிறந்ததும் எல்லாம் போய்விடும் என்கிறார் சம்பந்தியம்மா.
– வாசகி, சங்கரன்கோவில்

நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாதபோது, அது ஒருவகைப் புரதத்தைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. உட்சுவர்ச் செல்கள் பிழைத்திருக்கத் தேவையான வளர்ச்சிப் பொருளை அந்தப் புரதம் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடம்பு முழுக்க உட்சுவர் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கிறது. அழுத்தம் ஏறுவதும், புரதம் கசிவதும், தலைவலி, கண் மங்கல், வலிப்பு வருவதும் இதனால்தான். நஞ்சுக்கொடி வெளியேறினால் நோய் தணியும் என்பது உண்மை. ஆனால் பேறுக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அழுத்தம் மறுபடி ஏறுவதுண்டு. ஆறு வாரம் வரை கவனம் வேண்டும்.

அதற்குப் பின்னும் கதை முடிவதில்லை. கர்ப்பத்தில் இப்படி அழுத்தம் ஏறிப் புரதம் கசிந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர்ப் புரதம் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் சேர்த்து உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். அடுத்த கர்ப்பம் என்றால் 12-ஆம் வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறிய அளவு ஆஸ்பிரினை இரவில் தொடங்கினால் திரும்ப வருவது குறையும், 16 வாரத்துக்குமேல் தொடங்கினால் பலன் மங்கும். பேறுகால டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப்போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்து நெஞ்சுவலி என்று போனாலும், அந்தச் சீட்டை முதலில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.