குமிழை இறுக்கினால் கோளாறு போகாது

கேள்வி: அங்கிள், அப்பா ஓட்டிய 1972 ஹோண்டா சிபி350 இப்போது என் கையில். பிரேக் பிடித்தால் முன்னால் ‘டொக்’ என்று தட்டுகிறது. நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் சிக்குகிறது. ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் குமிழை இறுக்கினால் கொஞ்சம் தேவலை. ஒர்க்‌ஷாப்பில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை எடுத்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலே இருக்கும் வகை) மாட்டிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. ஃபோர்க் மாறினால் சக்கரம் மாற வேண்டும், டிரம் பிரேக் போகும், முன் ஹப்பிலிருந்து ஸ்பீடோ மீட்டருக்குப் போகும் கேபிளும் போகும். புது ஃபோர்க் நீளம் குறைவாக இருந்தால் வண்டி முன்னால் தாழ்ந்து, ஸ்டியரிங் துறுதுறுவென்று ஆகிவிடும். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவிடம் கேட்காமல் இந்த மாதிரி மாற்றத்தில் இறங்கவே கூடாது. வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்க வேண்டிய வண்டி அது.

முதலில் குமிழை முழுக்கத் தளர்த்துங்கள். அது கோளாறை மறைக்கும், தீர்க்காது. எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் கீழ்முனைகளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை ஒரே ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், பேரிங் குண்டுகள் உருளும் கோப்பையில் தடம் விழுந்துவிட்டது. உள்ளே இருப்பவை உதிரிக் குண்டுகள். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதே இடத்தில் அடி வாங்கி, இரும்பு குழிந்துபோகும். அதை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

அந்த இடத்துக்கு குண்டுக்குப் பதில் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் செட் போடுங்கள். ஹென்றி டிம்கன் 1898-லேயே காப்புரிமை வாங்கிய சங்கதி. குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் தன் முழு நீளத்துக்கும் தாங்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஓட்டும்போது நன்றாகவே தெரியும். செட்டின் உயரம் பழையதோடு ஒத்துப்போகிறதா, மேல் நட்டுக்கு மரை மிச்சமிருக்கிறதா என்று பூட்டுமுன் பாருங்கள். ரோலர்களுக்கு இடையில் கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை அழுத்துங்கள். நம் ஊர் மழைக்குத் தண்ணீர் தாங்கும் கிரீஸ்தான் சரி. நட்டை முதலில் நன்றாக இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, ஹேண்டில் தன் எடையிலேயே இரு பக்கமும் சாயும் அளவுக்கு வையுங்கள். அதிகம் இறுக்கினால், மெதுவாகப் போகும்போது வண்டி பாம்பாக நெளியும். மல்டிஸ்டோரி கார்பார்க் வளைவிலேயே தெரிந்துவிடும். ஃபோர்க் குழாய்களை மேலே பிடிக்கும் யோக்கை முறுக்கிய பிறகும் ஒருமுறை சோதியுங்கள்.

ஃபோர்க்குக்கு நல்ல ஸ்பிரிங், புது எண்ணெய் போதும். ஆள் உட்கார்ந்ததும், ஃபோர்க் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குவரை இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால், ஸ்பிரிங் மேல் அதை அழுத்திவைக்கும் குழாய்த்துண்டான ஸ்பேசர் ஒன்று வையுங்கள். பிரேக்கில் தலை குப்புறக் கவிழ்ந்தால், எண்ணெயில் ஒரு படி கெட்டியானது பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றியும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதே?
— பிடோக் வாசகர்

பதில்: குழாயை நகத்தால் தடவிப் பாருங்கள். குரோமில் துருப்புள்ளி தட்டுப்பட்டால், அதுதான் சீலின் உதட்டை அறுக்கிறது. இன்னொரு சீல் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஹார்டு குரோம் ஏற்றித் தேய்த்து வாங்குங்கள், இல்லையென்றால் புதுக் குழாய். குரோமுக்குக் கொடுப்பதற்கு முன், கண்ணாடிமேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.