வீவக வீட்டுக்குள் ஒரு கயாக்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கக் கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: சொந்தமாகக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) வாங்கலாமா, வாங்கினால் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? பதினான்கு ஆண்டுகளாகத் துடுப்புப் போடுகிறேன். காற்றடைப்பது, மடிப்பது, கெட்டிப் பிளாஸ்டிக் என்று மூன்று வகையும் என் வீட்டில் இருந்திருக்கின்றன. அண்மையில் வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் வட்டாரத்தைக் குறிப்பிட்டு, ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

தெம்பனிஸ், நான்கறை வீடு: அக்கா, ஜூரோங் லேக் கார்டன்சில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பழகிவிட்டேன். இனி சொந்தமாக வாங்க ஆசை. எந்த வகை நல்லது?

தம்பி, கடைக்குப் போகும் முன் அளவு நாடாவோடு உங்கள் புளோக் லிஃப்டுக்குள் போங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் பெரும்பாலும் 3 மீட்டருக்குக் குறையாது. எடை 20 முதல் 30 கிலோ. லிஃப்டில் நுழையாது. நான் ஒருமுறை ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி, என் தம்பியும் நானும் அதைப் படிக்கட்டு வழியாக ஒன்பதாம் மாடிக்குத் தூக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்தி, சாய்த்து, சுவரில் உரசாமல் இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கயாக் தண்ணீரைப் பார்த்தது நான்கே முறை.

வீவக வீட்டுக்குக் காற்றடைக்கும் வகையோ மடிக்கும் வகையோதான் சரி. மடிக்கும் கயாக் பாலிப்ரொப்பிலீன் அட்டையால் ஆனது. பெட்டி போலச் சுருங்கிவிடும், ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடலாம். விலை அதிகம், மடிப்புக் கோடுகளில் கல் குத்தினால் சிரமம். காற்றடைக்கும் வகை மலிவு; ஆனால் உலர்த்துவதற்கு உங்களிடம் பொறுமை வேண்டும். எம்ஆர்டியில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், மடிக்கும் சைக்கிளுக்கு விதித்திருக்கும் 120 x 70 x 40 சென்டிமீட்டரை உங்கள் பைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் உங்களுக்கும் இடைஞ்சல், பக்கத்தில் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

இன்னொன்று. எடைத் தாங்குதிறன் 150 கிலோ என்று போட்டிருந்தால் 105 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தில் ஏழு பங்கு என்பது என் கணக்கு. முழு எடை ஏற்றினால் மிதக்கும், ஆனால் திரும்பாது.

ஈசூன்: என் கணவர் ஜெட் ஸ்கீ வாங்க வேண்டும் என்கிறார். வீட்டருகில் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே ஓட்டலாமா?

முடியாது, அக்கா. அது நாம் குடிக்கும் தண்ணீர். நம் நீர்த்தேக்கங்களில் சொந்த ஜெட் ஸ்கீக்கு இடமில்லை. ஜெட் ஸ்கீ கடலுக்குரியது. ஓட்டுகிறவரிடம் இயந்திரப் படகு ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், வண்டியும் கடல்துறை, துறைமுக ஆணையத்தில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எடை சுமார் 200 கிலோவில் தொடங்கி 400 வரை போகும் என்பதால் வீட்டில் வைக்கிற பேச்சே இல்லை. படகுத்துறையில் மாத வாடகை கட்டித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் யோசித்த பிறகும் வாங்குவது என்று முடிவெடுத்தால், கடலிலிருந்து ஏற்றிய அன்றே இயந்திரத்தின் உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். வெளித்தண்ணீரால் குளிரும் இயந்திரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இயந்திரத்தை முடுக்கிவிட்டு, உடனே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடிவிட்டு, சில நொடிகளில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் புகைப்போக்கி வழியே தண்ணீர் இயந்திரத்துக்குள் போய்விடும். இந்த ஒரு தவறில் இயந்திரமே போய்விடும்.

உட்லண்ட்ஸ்: சொந்தக் கயாக்கை எந்த நீர்த்தேக்கத்தில் வேண்டுமானாலும் இறக்கலாமா?

கூடாது. நாட்டில் 17 நீர்த்தேக்கங்கள் இருந்தாலும், நீர் நடவடிக்கைக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டுமே இறங்க முடியும். நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை நடத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். பையோடு போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும். நீந்துவதற்கு எங்கும் அனுமதியில்லை.

பொங்கோல்: காற்றடைக்கும் கயாக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பையைத் திறந்தாலே புளித்த நாற்றம், மடிப்பில் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு முறையும் துடைத்துத்தான் வைக்கிறேன். என்ன தவறு?

துடைப்பதும் உலர்த்துவதும் ஒன்றல்ல, தங்கச்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கயாக்குகள் சாவது தண்ணீரில் அல்ல, அலமாரியில்.

என் முதல் கயாக்கும் இப்படித்தான் போனது. ஒரு மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே சுருட்டிப் பைக்குள் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாள் உலர்த்தலாம் என்று இருந்தேன். வேலை மிகுதியில் பத்து நாள் ஓடிவிட்டது. பையின் பல்லிணையை (ஜிப்) திறந்தபோது ஈரச்சாக்கு வாடை முகத்தில் அடித்தது. இருக்கைத் துணி முழுக்க மிளகு தூவியது போலக் கறுப்பு. தேய்த்ததில் புள்ளிகள் மங்கின, ஆனால் அடித்தளமும் பக்கக் குழாயும் சேரும் தையலோரத்தில் பூஞ்சை உள்ளே இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அந்த ஓரம்தான் பிரிந்தது.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பைக்குள் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தங்கினாலும் அது தானாக ஆவியாகிப் போகாது. ஆகவே நான் செய்வது இது. கரையிலேயே நல்ல தண்ணீரில் அலசி, காற்று முழுக்க இருக்கும்போதே தலைகீழாகச் சாய்த்து வடியவிடுகிறேன். இருக்கையையும் அடிப்பலகையையும் கழற்றித் தனியாக எடுக்கிறேன். பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சுருட்டி, அடித்தளமும் குழாயும் சேரும் இடுக்கில் விரலால் தள்ளி முழு நீளத்துக்கும் இழுக்கிறேன். துண்டு அங்கேதான் சொட்டச் சொட்ட நனையும். நீங்கள் தவறவிடுவது இந்த இடுக்கைத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அரைக்காற்று அடைத்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு. காலையில் இடுக்கில் டிஷ்யூத் தாளை நுழைத்து எடுத்துப் பார்ப்பேன். தாள் காய்ந்து வந்தால்தான் மடிப்பு.

இப்போது இருக்கும் பூஞ்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து மென்மையான தூரிகையால் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பிளீச் வேண்டாம், நூலையும் பசையையும் பலவீனமாக்கும். இருக்கைத் துணியில் வாடை போகவில்லை என்றால் இருக்கையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

செங்காங்: வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே, அக்கா?

காயும், வெடிக்கவும் கூடும். காலை 28 டிகிரியில் 2.5 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அடைத்த குழாய், வெயிலில் கிடந்து உள்காற்று 50 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ 3.8 பி.எஸ்.ஐ. காட்டும். பாதிக்குப் பாதி கூடுதல். கறுப்பு, கருநீல நிறத்தில் வாங்கியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஓட்டிவிட்டுக் கரையேறியதும் முதலில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், பிறகு நிழலில் காய வையுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிவிசியையும் பாலிஎதிலீனையும் வெளுக்கவும் நொறுங்கவும் வைக்கும் என்பது தனிக்கதை.

காலாங், பழைய மூவறை வீடு: வீட்டுக்குள் இடமே இல்லை. கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கலாமா?

வேண்டாம், தம்பி. பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். தீ, ஆம்புலன்ஸ் என்று வந்தால் தூக்குப் படுக்கை போக வேண்டிய வழி அது. நகர மன்றம் எடுத்துப் போவதற்கு முன்னால் அண்டை வீட்டுப் பாட்டி இடறி விழுந்துவிடக் கூடாது.

அதைவிட எனக்குக் கவலை கொசு. மல்லாந்து கிடக்கும் கயாக்கில் ஒரு மழைக்குச் சேரும் தண்ணீர் போதும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும். டெங்கியோடு மருத்துவமனையில் படுத்திருந்த என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். தரைவீட்டில் கயாக் வைத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள்: எப்போதும் கவிழ்த்தோ பக்கவாட்டிலோதான் வைக்க வேண்டும், வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். மேலே தார்ப்பாய் போட்டால் அதன் குழிவிலும் தண்ணீர் நிற்கும், பாருங்கள்.

உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும். சுருட்டிய கயாக் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்குகிறதா என்று அளந்து வாங்குங்கள்.

புக்கிட் பாஞ்சாங்: எங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுக் காப்பறை) இருக்கிறது. அங்கே வைத்தால்?

வைக்கலாம். சுவரை உடைப்பதும், கதவிலும் காற்றோட்டத் துளையிலும் கை வைப்பதும் கூடாது. தரையில் நிற்கும் அடுக்குப் போதும். ஆனால் அந்த இரும்புக் கதவை மூடிவிட்டால் உள்ளே காற்றே அசையாது. கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள், பையின் பல்லிணையையும் திறந்து வையுங்கள். இறுக்கமாகச் சுருட்டாமல் தளர்வாக மடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோடு விரிசல் விடும். ஒருமுறை மூன்றாக, மறுமுறை நான்காக மடியுங்கள்.

பாசிர் ரிஸ்: பழைய கயாக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

காற்றடைக்கும் வகை என்றால் முதலில் பையை முகர்ந்து பாருங்கள். பிறகு உங்கள் முன்னாலேயே முழுக்க அடைக்கச் சொல்லி, நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்துங்கள். தளர்ந்திருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து வால்விலும் ஓரங்களிலும் தடவுங்கள். வால்வில் குமிழி வந்தால் பயமில்லை, ரப்பர் வளையத்தை மாற்றலாம். நடுத்துணியில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடலாம்: இரு பக்கமும் சுத்தம் செய்து, பசை தடவி, ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அழுத்தி, 24 மணி நேரம் காற்றடைக்காமல் விட வேண்டும். தையலோரத்தில் குமிழி வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் கவிழ்த்துப் பின்முனையைப் பாருங்கள். தரையில் இழுத்து இழுத்து அங்கேதான் தேயும்.

துடுப்பின் நடு இணைப்பையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மணலோடு மாதக்கணக்கில் மாட்டியே வைத்திருந்தால் பிரியாது.

சுவா சூ காங்: ஏழு வயது மகளையும் அழைத்துப் போகிறேன். கயாக்கோடு இலவசமாக வந்த உயிர்காப்பு அங்கி அவளுக்குப் போதுமா?

அதை அவளுக்கு மாட்டி, எல்லா வார்களையும் இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் அது அவளுக்கானது அல்ல. சிறுவர் அளவில், கால்களுக்கிடையே வார் உள்ளதாக வாங்குங்கள். கயாக்கில் பணத்தை மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள், அண்ணா.

அங்கியையும் கயாக்கைப் போலவே நிழலில் உலர்த்துங்கள். மேலே கனமான பொருளை அடுக்கினால் உள்ளிருக்கும் நுரை நசுங்கி மிதக்கும் திறனை இழக்கும். மகளோடு போகும் நாளில் வானிலைச் செயலியை வீட்டிலும் பாருங்கள், கரையிலும் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் 'சுமத்ரா' புயற்காற்று வரும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் காற்றடைத்த கயாக் இலை மாதிரி அடித்துக்கொண்டு போய்விடும். அந்த நாளில் இறங்காதீர்கள்.

அங் மோ கியோ: எனக்கு 63 வயது. முழங்கால் வலி. இனிமேல் கயாக் எல்லாம் சரிப்படுமா, அம்மா?

ஐயா, சரிப்படும், ஆனால் இப்போது எதையும் வாங்காதீர்கள். கால் உள்ளே நுழைக்க வேண்டிய மூடிய வகை உங்களுக்குச் சிரமம். மேலே உட்காரும் திறந்த வகையில், 75 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் உள்ளதில் பழகுங்கள். ஓட்டுவதைவிட ஏறுவதும் இறங்குவதும்தான் முழங்காலுக்குச் சோதனை. முழங்கால் ஆழத் தண்ணீரில் கயாக்கை நிறுத்தி, முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால்களை உள்ளே எடுத்து வையுங்கள். மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர் விளையாட்டு நிலையங்கள் பிடோக்கிலும் ஜூரோங்கிலும் இருக்கின்றன. தொடக்கநிலைப் பயிற்சியில் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தருவார்கள்.

சனிக்கிழமை காலை நான் பிடோக்கில்தான் இருப்பேன். இரட்டைக் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். முன்னிருக்கை உங்களுக்கு.