புதிதாக எழுத வருபவர் எத்தனை வலைப்பூக்களை நடத்தலாம்?

சமையல், பயணம், பங்குச்சந்தை ஆகிய மூன்றிலும் ஆர்வமுள்ள புதியவர், மூன்றுக்கும் தனித்தனி வலைப்பூக்களை ஒரே நேரத்தில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் ஒரே கணக்கில் 100 வலைப்பூக்கள் வரை இலவசமாகத் திறக்கலாம் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். திறப்பதற்குச் சில நிமிடங்கள் போதும், நடத்துவதுதான் கடினம். ஒவ்வொன்றுக்கும் பக்க வடிவமைப்பான வார்ப்புருவைத் தனியாகச் சீரமைக்க வேண்டும், தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தனியாகச் சேர்க்க வேண்டும், வருமானம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத்துக்குத் தனியாக ஒப்புதல் பெற வேண்டும், சொந்த இணைய முகவரி வாங்கினால் ஆண்டுதோறும் கட்டணமும் செலுத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு பதிவுகள் எழுத மட்டுமே நேரமுள்ளவர் அவற்றை மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு வலைப்பூவிலும் மாதத்துக்கு மூன்று பதிவுகள்கூடத் தேறுவதில்லை. வாசகருக்குத் திரும்பி வரும் பழக்கமும் ஏற்படுவதில்லை.

ஆகவே ஒரே வலைப்பூவில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘சமையல்’, ‘பயணம்’ என்று குறிச்சொல் இட்டு எழுதுங்கள். பிளாகரில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனிப் பக்கம் தானாகவே உருவாகிவிடும். அதன் இணைப்பை முகப்பின் மேற்பட்டியில் வைத்துவிட்டால், சமையல் குறிப்புத் தேடி வருபவர் பங்குச்சந்தைப் பதிவுகளைக் கடக்காமலேயே தமக்கு வேண்டியதைப் படிக்கலாம்.

ஓராண்டு தொடர்ந்து எழுதிய பின், பங்குச்சந்தைக்கென்று தனி வாசகர் வட்டம் சேர்ந்திருப்பது புள்ளிவிவரப் பக்கத்தில் தெரிந்தால், அப்போது இரண்டாவது வலைப்பூவைத் திறக்கலாம். பழைய பதிவுகளை மட்டும் அங்கே மாற்றாதீர்கள். முகவரி மாறிவிட்டால், தேடுபொறி வழியாக வருபவர்கள் பிழைச் செய்தியைத்தான் காண்பார்கள்.