மெக்கானிக்கல் முடித்த இளைஞருக்கு எந்த ஊர்: சென்னையா, கோவையா, பெங்களூருவா?

கேள்வி கேட்டவருக்கு 23 வயது, ஊர் சிவகாசிப் பக்கம், மெக்கானிக்கல் படித்தவர். மூன்று ஊரிலும் வேலை தருவதாகச் சொல்கிறார்கள், சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எங்கே போகட்டும் என்று கேட்கிறார். நான் ராஜபாளையத்துக்காரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியிலும், பிறகு பெங்களூரு பீன்யாவிலும் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறேன்.

முதல் வேலை எங்கே கிடைக்கிறது என்பதை விடுங்கள். இரண்டாவது வேலை எந்த ஊரில் சுலபமாகக் கிடைக்கும் என்று பாருங்கள். 23 வயதில் சேரும் கம்பெனியிலேயே யாரும் தங்கிவிடுவதில்லை. ஆர்டர் குறைந்தது என்று ஆளைக் குறைப்பார்கள், இல்லை நீங்களே இன்னும் நல்ல இடம் தேடுவீர்கள். அந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்யாமல், அதே பஸ் ரூட்டிலேயே நாலு இடத்துக்கு இன்டர்வியூ போய்வர முடிந்தால் அதைவிட நிம்மதி கிடையாது.

இந்தக் கணக்கில் மெக்கானிக்கல்காரருக்கு நான் கோவையைத்தான் முதலில் சொல்வேன். பம்ப், மோட்டார், உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி, நூற்பாலை இயந்திரம், வால்வு என்று எல்லாமே இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ, அரசூர் என்று ஒரு சுற்றுச் சுற்றினால் பெரிய கம்பெனியும் பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையும் ஒரே தெருவில் இருக்கும். அப்படி வார்த்தெடுத்த ஒரு காஸ்டிங்கில் ஓட்டை விழுந்தால் அது மணலில் வந்த கோளாறா, உருக்கிய சூட்டில் வந்ததா என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இரண்டு வருடம் நின்று கற்றுக்கொள்வது எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. அந்த அனுபவத்துக்கு அடுத்த கம்பெனியில் உடனே மதிப்பும் உண்டு. சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாடகையும் சாப்பாடும் போக மாசக் கடைசியில் கையில் மிஞ்சுவதை வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன்.

கார் தொழிலில்தான் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் சென்னைப் பக்கம் போங்கள். அங்கே உங்கள் வாழ்க்கை மெரினாவையும் தி.நகரையும் சுற்றி நடக்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்றுதான் ஓடும். தாம்பரத்தில் தங்கினால் கம்பெனி பஸ்ஸும் கிடைக்கும், லீவு நாளில் மின்சார ரயிலேறி ஊரைப் பார்க்கவும் போகலாம். பெண்கள் கூடுவாஞ்சேரியில் அரசு நடத்தும் தோழி விடுதியை விசாரித்துப் பாருங்கள். தனியார் விடுதி வாடகையோடு ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும்.

தாம்பரம் பக்கம் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் போய், "2015 வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சுண்ணே?" என்று கேளுங்கள். முடிச்சூரில் நான் கேட்டபோது அவர் பதிலே சொல்லவில்லை, எதிர் வீட்டு ஜன்னலின் மேல்விளிம்பைக் கையால் காட்டினார். அடையாற்றுக்குப் பக்கத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அந்த வருடம் மூழ்கிய கதையைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தக் கை காட்டிய உயரம்தான் எனக்குப் புரியவைத்தது. நான் வேறு தெருவில் மாடி வீடு பார்த்தேன்.

அப்புறம் அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த "ஒழிய" என்ற இடத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஆறு மாசம், பத்து மாசம் என்று ஒப்பந்தத்தில் எழுதி நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள். கரண்ட் பில்லை ஈ.பி. கார்டைப் பார்த்துக் கட்டுவதா, ஹவுஸ் ஓனர் சொல்லும் யூனிட் ரேட்டில் கட்டுவதா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பெங்களூரு நல்ல ஊர், வெயில் தாங்காதவர்களுக்குச் சொர்க்கம். பீன்யாவில் மெஷின் ஷாப் வேலைக்குப் பஞ்சமில்லை, மெட்ரோவும் பக்கத்திலேயே போகிறது. கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொண்டால் ஷாப் ஃப்ளோரில் ஆட்கள் பிரியமாகப் பழகுவார்கள். ஆனால் டிசைன் மென்பொருள், எலக்ட்ரானிக்ஸ் கலந்த வேலைக்கு நகரும் எண்ணம் இருந்தால்தான் அந்த ஊர்ச் செலவு தகும். அந்த எண்ணம் இருப்பவர்கள் ஓசூரையும் யோசிக்கலாம். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் அங்கே இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டதால், ஓசூரில் தங்கிக்கொண்டு பெங்களூருக்குள் இன்டர்வியூ போவதும் முன்னைவிடச் சுலபம்.

வீட்டுக்குப் போய்வருவதையும் கணக்கில் சேருங்கள். அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும்? சென்னையிலிருந்து நமக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது, தீபாவளி டிக்கெட் திறந்த சில நிமிடத்தில் காலி. கோவையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வீட்டில் காபி குடிக்கலாம். என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த மாதங்களில் வாரா வாரம் அப்படித்தான் போய்வந்தேன். பெங்களூருவிலிருந்து அது முடிந்திருக்காது.

கோவைக்கு வருவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். லைன் வீடு பார்க்கும்போது நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உப்புத் தண்ணீருக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு அக்காவிடமே கேளுங்கள். சிறுவாணித் தண்ணீர் என்று ஊரே பெருமை பேசும், புறநகரில் எல்லாத் தெருவுக்கும் அது வருவதில்லை.