கயிற்றின் மேல்முனை: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் நீச்சல் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "என் தம்பி ஃப்ரீடைவர், ஆறு வருஷம் அவனுக்குத் துணையாகப் படகிலும் தண்ணீரிலும் கிடந்திருக்கிறேன்" என்று ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சு. நேராகத் தொங்கவிட்ட கயிற்றை ஒட்டி எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறார்கள் என்பதுதான் விளையாட்டு. இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

என் கணவர் 52 மீட்டர் வரை போயிருக்கிறார். அடுத்து 60 தொட வேண்டுமாம். அதற்காக பிலிப்பைன்ஸ் பங்லாவோ தீவுக்கு மூன்று வாரம் போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். எனக்கு நீச்சலே அரைகுறை. போய்ப் பயந்துகொண்டு கரையில் உட்காரவா, அக்கா?
– பெயர் வேண்டாம், செராஸ்

போங்க தங்கச்சி. கரையில் உட்கார நேரமே இருக்காது.

முதல் வேலை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த "60"ஐப் போடாமல் இருப்பது. சிரிக்காதீங்க. ஒரு தடவை என் தம்பி குறிவைத்திருந்த ஆழத்தை எங்கம்மா சுங்கைப் பட்டாணியிலுள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மறுநாள் 30 மீட்டரில் அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும், அது அவனுக்கும் தெரியும். இருந்தும் இன்னும் நாலு மீட்டர் இறங்கிப் பார்த்திருக்கிறான். செவிப்பறை கிழிந்து, இரண்டு மாதம் தண்ணீர்ப் பக்கமே போக முடியவில்லை. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றான். கடலுக்கு அடியில், அந்த அழுத்தத்தில், பெரியம்மா!

அதனால் நீங்களும் காலையில் "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்காதீங்க. "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்க. லேசாகச் சளி இருந்தாலே காதில் அழுத்தத்தைச் சமன்செய்வது கஷ்டம். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர் என்றால் இரவே ரிமோட்டை எடுத்து ஒளித்துவையுங்க. நான் செய்திருக்கிறேன்.

இன்னொரு வேலை உண்டு. இதை நீங்கள் ஒருவர்தான் செய்ய முடியும். டைவ் முடிந்து அறைக்கு வந்ததும் அவர் துப்பும் எச்சிலின் நிறத்தைப் பாருங்க. 10 மீட்டர் இறங்கினால் நுரையீரல் பாதியாகச் சுருங்கும், 30இல் கால்பங்கு, 60இல் ஏழில் ஒரு பங்கு. உடம்பு அதற்குப் பழகுவதற்கு முன்னால் அவசரப்பட்டு இறங்கினால் உள்ளே திசு கிழிந்து ரத்தம் கசியும். ஸ்குவீஸ் என்பார்கள். மேலே வந்து இருமும்போது எச்சில் இளஞ்சிவப்பாக இருக்கும். பயிற்சியாளரிடம் மறைத்துவிடுவார்கள், அடுத்த நாள் இறங்க விடமாட்டாரே! ஆனால் வாஷ்பேசினும் குப்பைத்தொட்டியில் கிடக்கும் டிஷ்யூவும் உங்கள் கண்ணில் படும். 2013 நவம்பரில் பகாமாஸ் தீவுகளில், டீன்ஸ் புளூ ஹோல் என்ற ஆழமான கடற்குழியில் நிக்கலஸ் மெவோலி என்ற அமெரிக்கர் 72 மீட்டர் முயன்று, தானாகவே மேலே வந்து, கொஞ்ச நேரத்தில் மயங்கி, பிழைக்காமலே போனார். நுரையீரல் காயம்தான். எச்சிலில் சிவப்பு தெரிந்தால் அன்றோடு டைவ் நின்றது, டாக்டர் சொல்லும்வரை கடல் கிடையாது. அவர் முறைத்தால் முறைக்கட்டும். இதைச் சொல்ல நீச்சலா தெரிய வேண்டும்?

என் அக்கா வீட்டுக்காரர் ஃப்ரீடைவர். இனி நான்தான் அவருக்குத் துணை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கீழே போகும்போதுதானே ஆபத்து? மேலே வந்தபிறகு மயங்குகிறார்கள் என்கிறார்களே, அது எப்படி?
– ஒரு மச்சான், பட்டர்வொர்த்

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், இறங்குகிறவர் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. எங்கள் வீட்டில் மச்சான் முறைக்கு ஆள் இல்லை, அக்காவே போய் நின்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் நுரையீரலில் மிச்சமிருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் அழுத்தித் தள்ளப்படும். அங்கே ஆள் தெளிவாக இருப்பார். ஏறும்போது அழுத்தம் குறைகிறது, நுரையீரல் விரிகிறது, ஆக்சிஜனின் அழுத்தம் மடமடவென்று விழுகிறது. கடைசி 10 மீட்டரில் மட்டும் அழுத்தம் பாதியாகிவிடும். மயக்கம் பெரும்பாலும் அங்கேதான், இல்லாவிட்டால் தலை வெளியே வந்தபிறகு. முதல் மூச்சை இழுத்த உடனே அது மூளைக்குப் போய்விடாது, சில விநாடி ஆகும். அதனால்தான் சேஃப்டி டைவர், அதாவது வீரரின் பாதுகாப்புக்காகவே தண்ணீரில் இருக்கும் துணை டைவர், 20, 30 மீட்டர் வரை இறங்கிப்போய் எதிர்கொண்டு, முகத்துக்கு நேர் முகமாக மேலே கூட்டிவருகிறார். வெளியே வந்தபிறகும் 30 விநாடி கண்ணை எடுக்கக் கூடாது. "வந்துட்டார்டா!" என்று கைதட்டி, ஃபோனை எடுக்கத் திரும்புகிற நேரம் இருக்கிறதே, அதுதான் மோசமான நேரம்.

மயங்கிவிட்டால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தலையைத் தாங்குங்க. மாஸ்க்கைக் கழற்றி, கண்ணைச் சுற்றி ஊதி, கன்னத்தில் தட்டி, பேர் சொல்லி "மூச்செடு" என்று கத்துங்க. வீட்டில் கூப்பிடுகிற பேர் நல்லது. என் தம்பி ஒரு தடவை சுருண்டபோது அடையாள அட்டைப் பேருக்கு அசையவில்லை, "குட்டி" என்றதும் இழுத்தான் மூச்சை. அதற்கும் எழவில்லை என்றால் வாயில் ஊத வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, மீட்புப் பயிற்சி எடுத்துவிட்டுப் போங்க.

போட்டி என்றால் கதை வேறு. வெளியே வந்து 15 விநாடிக்குள் வீரர் மாஸ்க், மூக்கு கிளிப்பைக் கழற்றி, கையால் ஓகே காட்டி, வாயால் "ஐ ஆம் ஓகே" சொல்ல வேண்டும். கூட இருப்பவர் பேசலாம், தொடக்கூடாது. ஒரு போட்டியில் தம்பி உதடு நீலமாக மேலே வந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான், மாஸ்க்கைக் கழற்றினான், கை கொஞ்சம் ஆடியது. என் கை என்னைக் கேட்காமலே போய் அவன் தோளைப் பிடித்துவிட்டது. அடுத்த விநாடியே அவன் "ஐ ஆம் ஓகே" என்றான், கணீரென்று. சிவப்பு அட்டை. நான் தொட்டதால் டைவ் செல்லாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்று இரவு கோப்பி ஓவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான், பேசாமலே. தொட்டது தப்புதான். அங்கே தொடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேறு ஆள் வைத்திருக்கிறார்கள். பயிற்சியில் மட்டும் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் பிடியுங்க, அங்கே யாரும் அட்டை காட்டப்போவதில்லை.

இன்னொன்று: உங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். 2017இல் எகிப்தின் தஹாப் புளூ ஹோலில் ஸ்டீபன் கீனன் என்ற சேஃப்டி டைவர், சிக்கலில் மாட்டிய வீராங்கனையை மேலே சேர்த்துவிட்டுத் தான் இறந்துபோனார். துணைக்குத் துணை யார் என்று மாமாவிடம் இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்க.

கொண்டோ நீச்சல்குளத்தில் தினமும் மூச்சடக்கிப் பழகுகிறேன். வேகவேகமாக 20 தடவை மூச்சு வாங்கிவிட்டு இறங்கினால் ரொம்ப நேரம் தாங்குகிறது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இது போதுமா?
– ஒரு மாணவன், பிரிக்ஃபீல்ட்ஸ்

போதாது. நாளையிலிருந்து நிறுத்து. வேகமாக மூச்சு வாங்குவதால் ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் வெளியே போகிறது. "மூச்சு வேணும்" என்று உடம்பை முட்டவைப்பதே அந்த வாயுதான். மணியைக் கழற்றிவிட்டுத் திருடனுக்குக் காத்திருக்கிறாய். மூச்சு முட்டாமலே மயங்கிவிடுவாய் தம்பி. அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா என்று நீ எழுதவே இல்லை. கையில் ஃபோன் இருக்கிறதா என்றும் எழுதவில்லை.

மனுஷன் அதிகபட்சம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறான்? கொம்தார் உயரம் வருமா?
– ஜெலுத்தோங் வாசகர்

கால்துடுப்புகூட இல்லாமல், கையும் காலும் மட்டும் அடித்து, நியூசிலாந்தின் வில்லியம் ட்ரூப்ரிட்ஜ் 2016இல் 102 மீட்டர் போனார். பினாங்கின் உயரமான கொம்தார் கட்டடத்தில் பாதிகூட இல்லை. கயிற்றில் ஓடும் எடை கட்டிய சட்டத்தைப் பிடித்து இறங்கிக் காற்றுப்பையைப் பிடித்து ஏறும் முறையில் ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் 2007இல் 214 மீட்டர் போனார். அது கொம்தாரை நெருங்குகிறது. 2012இல் அவரே 253 மீட்டர் வரை இறங்கி, உடம்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டார். எனக்கு முதல் ஆள்தான் பெரிய ஆள்.

பினாங்கிலேயே பழக முடியாதா? எதற்கு பங்லாவோ, பாலி என்று காசைக் கொட்ட வேண்டும்?
– ஆயர் ஈத்தாம் வாசகி

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கீழே பாருங்க, சொந்தக் கால் தெரிகிறதா என்று. மலாக்கா நீரிணை நம் பக்கம் ஆழமும் கிடையாது, தெளிவும் கிடையாது. கெடா பக்கத்துப் பாயார் தீவில் தண்ணீர் பரவாயில்லை, மீன் பார்க்கலாம், 60 மீட்டர் கயிறு விட இடமில்லை. என் தம்பி வாரநாளில் குளத்தில் பழகுவான், ஆழத்துக்கு வருஷம் ஒரு முறை விமானம். டிக்கெட் காசு பாதி என்னுடையது. இன்னும் திருப்பித் தரவில்லை.